ஒரே மலைக்கு இரண்டு வீதம்

சுரங்கக் கம்பனி என்றாலே ராஜரத்தினத்துக்குத் தலையிடி. பஸ், பேக்கரி, விருந்தினர் விடுதி என்று எதைக் கொடுத்தாலும் மதிப்பிட்டு நீட்டிவிடுவார். பன்வில தோட்டத்தில் பிறந்து, வத்தேகமவில் படித்து, கண்டி திருகோணமலை வீதியில் ஒரு கணக்காய்வுக் கந்தோரில் சாதாரண எழுதுவினைஞராகச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே பரீட்சைகளை முடித்து மதிப்பீட்டாளராக வந்தவர். இளவயதில் யாரும் தொடாத ஒரு கல்லுக்குழிக் கம்பனியின் கோப்பைத் தெரியாத்தனமாக எடுத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கண்டியைச் சுற்றி எவர் எந்தக் குழியைத் தோண்டினாலும் கோப்பு அவர் மேசையில்தான் வந்து விழுந்தது.

2022 பெப்ரவரியில் விழுந்தது ஹபீல் ஹாஜியாரின் டொலமைற் கம்பனி. தேயிலை மண்ணின் புளிப்பைப் போக்க இடுகிற கல் மாவை, திகனைக்கு அப்பால் ஒரு சிறு மலையைக் குடைந்து எடுத்து அரைத்து விற்கிற கம்பனி. ஐந்தில் மூன்று பங்கு ஹபீலுக்கு. மிச்சம் அவருடைய தங்கை றம்லத்துக்கு. றம்லத் மடவளையில் ஆசிரியை. மகளின் படிப்புக்காகத் தன் பங்கை விற்க நினைத்தார். அண்ணன் வாங்கத் தயார். விலைதான் தெரிய வேண்டும்.

விலை ஒரேயொரு எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. தன் பணத்தை இந்தக் குழிக்குள் போடுகிற ஒருவர், ஆண்டுக்கு எத்தனை வீதம் கிடைத்தால் சம்மதிப்பார்? அதைத்தான் பங்கு மூலதனச் செலவு என்கிறார்கள். அந்த எண் ஏறினால் பங்கின் பெறுமதி இறங்கும். எண் இறங்கினால் பெறுமதி ஏறும்.

கந்தோரின் உரிமையாளர் கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர், சூத்திரத்தை விட்டு இம்மியும் விலகாதவர். ஆபத்தில்லாத முதலீடு என்று, அரசாங்கம் குறுங்காலக் கடனுக்கு எழுதிக்கொடுக்கும் தாளான திறைசேரி உண்டியலின் வட்டியை எடுக்க வேண்டும். அதன்மேல் ஆபத்துக்கான கூலியைக் கூட்ட வேண்டும். அந்தக் கூலி எவ்வளவு என்பதைப் பீட்டா சொல்லும். சந்தை ஆடும்போது ஒரு கம்பனியின் பங்கு எவ்வளவு ஆடுகிறது என்பதற்கான அளவு அது. சந்தையில் விற்கவே விற்காத பங்குக்கு ஆட்டம் எங்கிருந்து வரும்?

"வெளிநாட்டுச் சின்னச் சுரங்கக் கம்பனியளின்ரை பீட்டாவை எடுமன்" என்றார் கனகசபை.

ராஜரத்தினம் எடுத்தார். பாலைவனத்தில் பொன் தேடுகிறவர்களும் லித்தியம் தேடுகிறவர்களுமாக வந்தார்கள். தேயிலைக்கு மாவு அரைக்கிறவர் ஒருவரும் இல்லை. அந்தக் கம்பனிகளிலும் சிலவற்றின் பங்குகள் மாதத்துக்கு ஒரு தடவைதான் கைமாறின. கைமாறாத பங்கு ஆடுவதே இல்லை. ஆடாத பங்குக்குப் பீட்டா பூச்சியத்தை ஒட்டி வந்தது. அந்தக் கணக்கை நம்பினால், மலைக்கு வெடி வைப்பதும் அரசாங்கத்துக்குக் கடன் கொடுப்பதும் ஏறக்குறைய ஒரே பாதுகாப்பு! ராஜரத்தினம் பேனாவை மேசையில் எறிந்தார்.

எப்படியோ இருபத்தொரு வீதம் என்று ஒரு முன்வரைவு எழுதினார். அதற்குள் நாடே கவிழ்ந்தது. டீசல் இல்லை, மின்சாரம் இல்லை, அரைக்கும் யந்திரம் நின்றது. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே கைவிரித்தது. நவம்பரில் கோப்பு மறுபடி மேசைக்கு வந்தபோது, அந்த ஆபத்தில்லாத திறைசேரி உண்டியலின் வட்டி முப்பது வீதத்தைத் தாண்டி நின்றது. கடன் கட்டாத அரசாங்கத்தின் தாளை ஆபத்தில்லாதது என்று தன் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததை நினைக்கவே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சூத்திரம் இப்போது நாற்பத்திமூன்று என்றது. றம்லத்தின் பங்கின் பெறுமதி முன்வரைவில் இருந்ததில் பாதிக்கும் கீழே போனது.

அன்றே அவர் தொலைபேசியில் வந்தார். "சேர், பெப்ரவரியில ஈந்த மல நவம்பர்ல பாதியா கொறஞ்சிட்டா?"

"மலை அப்படியேதான் இருக்கு டீச்சர். வட்டிதான் ஏறிப்போச்சு."

"கல்லு மாவு வெலயும் ஏறித்தானே ஈக்குது? அத சேத்தீங்களா?"

ராஜரத்தினம் உதட்டைக் கடித்துக்கொண்டார். விலையேற்றத்தை வீதத்தில் ஏற்றிவிட்டு வருமானத்தைப் பழைய விலையிலேயே விட்டிருந்தார்கள். அதைத் திருத்த வேண்டும் என்று அவர் கேட்டபோது, "எதிர்கால விலைக்கு அத்தாட்சி எங்கை?" என்று கனகசபை மறுத்திருந்தார்.

அடுத்து ஹபீல் வந்தார். வங்கிக்காரர்களிடம் பல வருடங்களாக இந்த மலை தங்கம் என்று சொல்லி வந்தவர், இப்போது கதிரை நுனியில் உட்கார்ந்து கண்ணீர் வராத குறையாகப் பேசினார். "லைசன்ஸ் புதுப்பிப்பாங்களோ தெரியா சேர். மழ பெஞ்சா குழி முழுக்கத் தண்ணி. பக்கத்து ஊராக்கள் வெடிக்கு எதிரா பெட்டிஷன் அடிச்சீக்கிறாங்க. நாப்பத்திமூணு எந்த மூலைக்கு? அம்பது போடுங்க!"

"ஹாஜியார், மழை மாசத்துக்கு ஏற்கெனவே வருமானத்துல கழிச்சிட்டேன். லைசன்சுக்கும் கழிச்சிட்டேன். அதையே மறுபடி வீதத்துலயும் ஏத்தினா ஒரே பயத்துக்கு ரெண்டு தடவை தண்டம்."

"அப்ப நாப்பத்தஞ்சாவது போடுங்களே."

கத்தரிக்காய்ப் பேரம்போல இருந்தது. அன்று ராஜரத்தினம் வீட்டுக்குப் போய் மனைவி வைத்த தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடமாக எத்தனை குழிகளுக்கு இப்படி எண் எழுதியிருக்கிறார்! அவற்றில் ஒன்றையாவது தன் சொந்தப் பணத்தை வைத்து எழுதியிருப்பாரா? கேள்வி உள்ளே குடைந்தது.

அடுத்த வாரம் அண்ணனையும் தங்கையையும் ஒரே நேரத்தில் கந்தோருக்கு அழைத்தார். கனகசபையும் வந்து உட்கார்ந்தார். ஹபீல் ஐம்பதில் தொடங்கினார். றம்லத் இருபத்தொன்றில் நின்றார். வாப்பா யாருக்கு என்ன சொன்னார், கொரோனா நேரத்தில் லொறியை யார் விற்றது என்று பேச்சு எங்கெங்கோ போனது. ராஜரத்தினத்தின் பொறுமை அங்கேதான் அறுந்தது.

"ஹாஜியார்! அம்பது வீதம் வேணும்ங்கற அளவுக்கு மோசமான கம்பனின்னா, அந்தக் கணக்குல வர்ற வெலைக்கு உங்க பங்கைத் தங்கச்சிக்கு வித்துடுவீங்களா?"

ஹபீல் திகைத்தார். "நான் என்னத்துக்கு விக்கணும்?"

"நான் வாங்குவன்" என்றார் றம்லத் சட்டென்று. "அம்பதுல வார வெலக்கு நாளைக்கே வாங்குவன். வளவிய அடகு வெச்சாவது."

ராஜரத்தினம் அவர் பக்கமும் திரும்பினார். "டீச்சர், உங்க இருபத்தொண்ணு கணக்குல வர்ற வெலைக்கு அண்ணன் பங்கை வாங்குவீங்களா?"

றம்லத் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "அந்த வெலக்கா? அது கொஞ்சம் கூட."

பிறகு ஹபீல் நாற்பது என்றார். அந்த விலைக்கும் வாங்குவதாகத் தங்கை சொன்னார். முப்பத்தாறு என்றார். அதற்கும் வாங்குவதாகச் சொன்னார், குரலில் கொஞ்சம் தயக்கத்தோடு. முப்பத்திமூன்றில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த விலைக்கு அண்ணனுக்கு விற்கவும் மனமில்லை, தங்கைக்கு வாங்கவும் துணிவில்லை.

"அப்ப முப்பத்திமூணு. அந்த வெலைக்கே டீச்சர் பங்கை நீங்க வாங்கிக்குங்க ஹாஜியார்" என்றார் ராஜரத்தினம்.

இருவரும் முணுமுணுத்தபடி கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரே வேனில் ஏறிச் சண்டை பிடித்துக்கொண்டே போனார்கள்.

"எல்லாம் சரி தம்பி," என்றார் கனகசபை. "கோப்பிலை பீட்டா எங்கை?"

"பீட்டா இல்லீங்க ஐயா. சூத்திரம் இவ்வளவுதான் சொல்லும், அதுக்கு மேல வாங்கவும் விக்கவும் பேரம் பேசின ரெண்டு பேரோட வாய்ச்சொல்தான்னு அறிக்கையில எழுதிட்டேன். பிடிக்கலேன்னா நீங்களே வேற எழுதிக்குங்க."

கனகசபை அறிக்கையை மூன்று தடவை வாசித்தார். நெற்றியைத் தேய்த்தார். திட்டிக்கொண்டே ஒப்பமிட்டார்.

அடுத்த வருட நடுப்பகுதியில் திறைசேரி வட்டி சரசரவென்று இறங்கியது. றம்லத் மறுபடி தொலைபேசியில் வந்தார்.

"சேர், வட்டி கொறஞ்சா பங்குட வெல ஏறும்னு நீங்கதானே சென்னீங்க? இப்ப விச்சீந்தா எனக்குக் கூடக் கெடச்சீக்குமா?"

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "கெடைச்சிருக்கும் டீச்சர்."

"அப்ப அன்றைக்கே செல்லீக்கலாமே!"

"அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருந்தா டீச்சர், நானே கடன் வாங்கி உங்க பங்கை வாங்கியிருக்க மாட்டேனா?"

றம்லத் அதை விட்டுவிட்டு, மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, செலவு நினைத்த அளவுக்கு இல்லை என்று வேறு கதை தொடங்கினார். ராஜரத்தினம் தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு, கனகசபை அப்போதுதான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மைக்கா சுரங்கக் கோப்பை முழங்கையால் மேசையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார்.