சரோஜா தேடிப்போன தீர்ப்பு நகல்

சகாதேவன் செத்து ஐம்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் சரோஜா அவன் பெண்டாட்டியா இல்லையா என்று பேச்சு கிளம்பிவிட்டது. கிளப்பியது வேறு யாருமில்லை, அவனோடு கூடப் பிறந்த தம்பிதான். வாரிசுச் சான்றிதழுக்காகக் கிராம நிர்வாக அலுவலர் கீழ்பென்னாத்தூர் வீட்டுக்கு விசாரிக்க வந்தபோது, "அண்ணனுக்கு மொதல்ல ஒரு கல்யாணம் ஆச்சு சார்" என்று அவன் வாயை விட்டுவிட்டான். கெட்ட எண்ணத்தில் சொன்னானோ, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சொன்னானோ, அது அவனுக்கே வெளிச்சம்.

சரோஜா பதறவில்லை. அது ஒன்றும் மூடி மறைத்த சங்கதி இல்லையே. உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய முத்திரைத்தாள் ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள். சகாதேவனும் அவன் முதல் மனைவி சந்திரகலாவும் இனி ஒருவருக்கொருவர் உறவில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்ட தாள்.

"இது பஞ்சாயத்துல எழுதினதும்மா. சட்டப்படி செல்லாது. கோர்ட்ல விவாகரத்து ஆன தீர்ப்பு நகல் இருந்தா கொடுங்க, மனைவின்னு உங்க பேரை எழுதிடலாம்" என்றார் அலுவலர்.

"கோர்ட்லயும் முடிஞ்சிடுச்சிங்க சார். அவரே சொல்லியிருக்காரு."

"அப்போ நகல் வாங்கினு வாங்க."

அவ்வளவுதானே, வாங்கினால் போயிற்று என்றுதான் சரோஜா நினைத்தாள். பாவம்.

அவளுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் மணிலாக் கொட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கிற மில்லில்தான் வேலை. இரண்டாயிரமாவது வருஷம் ஆவணி மாதம் சகாதேவன் பெண் கேட்டு வந்தபோது அவள் அப்பா ஒரே பிடியாக நின்றார். "கோர்ட்ல அத்துக்கினு வா, அப்புறம் பேசலாம்." சகாதேவன், கேஸ் போட்டதற்கு வக்கீல் கொடுத்த சீட்டைக் காட்டினான். "அதெல்லாம் முடிஞ்சிடுச்சி மாமா" என்றான். மாலையும் கையுமாக நிற்கிற மாப்பிள்ளையிடம் தீர்ப்பை எடு பார்க்கலாம் என்று யார் கேட்பார்கள்? யாரும் கேட்கவில்லை. ஒரு மகள் பிறந்தாள், அபிநயா. அப்புறம் சகாதேவனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தான். அள்ளிக் கொட்டியது, ஊட்டிவிட்டது, திட்டு வாங்கியது எல்லாம் சரோஜாதான். கடைசி மாசத்தில் அவனுக்கு வேறு யார் பேரும் வாயில் வரவில்லை, 'சரோ, சரோ' என்பது ஒன்றுதான்.

திருவண்ணாமலை கோர்ட்டுக்கு அவள் போனது அதுதான் முதல் தடவை. யாரைக் கேட்பது, எந்த வாசலில் நுழைவது என்று ஒன்றும் புரியவில்லை. அன்று அவள் மேல் இரக்கப்பட்டவர் சுப்பிரமணி என்கிற வக்கீல் குமாஸ்தா.

"நகல் மனு போட கேஸ் நம்பர் வேணும்மா. இருக்குதா?"

"இல்லீங்களே. தொண்ணூத்தொம்பதுல போட்டதுன்னு மட்டும் தெரியும்."

"வக்கீல் யாரு?"

பெயரைச் சொன்னாள். "அவரு போய்ச் சேந்து பத்து வருஷம் ஆச்சே" என்று சுப்பிரமணி உச்சுக்கொட்டினார். கம்ப்யூட்டரில் தேடினால் அந்த வருஷத்து வழக்கு எதுவும் வரவில்லை. பழைய பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும், அதற்குத் தனியாக மனு கொடுக்க வேண்டும் என்றார்.

"வழக்குல சம்பந்தப்பட்டவங்க வந்து கேட்டா சுலபமா கிடைச்சிடும். நீங்க மூணாவது ஆளு பாருங்க, அதனால காரணம் எழுதி பிரமாணப் பத்திரம் போடணும்."

சரோஜாவுக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணியவள் மூணாவது ஆளாம்! ஆனாலும் அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நாலு தடவை அலைந்தாள். மில்லில் நாலு நாள் லீவு. ஐந்தாவது தடவை நகல் கைக்கு வந்தது. ஒரே ஒரு தாள். விவாகரத்துத் தீர்ப்பு இத்தனை சின்னதாகவா இருக்கும் என்று அவளுக்கே ஆச்சரியம். சுப்பிரமணியிடம் கொடுத்தாள். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் கிட்டே வந்தாள்.

"என்னா சார்?"

"விவாகரத்து ஆகலம்மா. உங்க வீட்டுக்காரரு கேஸு போட்டிருக்காரு, வாஸ்தவம்தான். ஆனா வாய்தாவுக்கு வரவே இல்ல. மனுதாரர் ஆஜராகவில்லைன்னு தள்ளுபடி பண்ணிட்டாங்க. ரெண்டாயிரமாவது வருஷம், ஜூன் மாசம்."

பஞ்சாயத்துத் தாளில் இருந்த தேதியை நினைத்துப் பார்த்ததும்தான் நடந்தது என்னவென்று அவளுக்கு விளங்கியது. கோர்ட்டில் வழக்கு நடக்கும்போதே ஊரில் பஞ்சாயத்து கூடியிருக்கிறது. ஏழு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து அத்துவிட்டார்கள். சந்திரகலா தாலியைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தாள். பெரியவர்களே முடித்துவைத்த பிறகு ஜட்ஜ் எதற்கு என்று சகாதேவன் கோர்ட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மாமனாரிடம் முடிஞ்சிடுச்சி என்றானே, அவன் கணக்கில் அது பொய்யும் இல்லை. அந்த மனிதன் சாகிற வரைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். அந்த ஏழு பெரிய மனிதர்களில் ஒருத்தருக்காவது புத்தி இருந்து, கோர்ட்டுக்கும் போய் முடிச்சிக்கடா என்று சொல்லியிருக்கக் கூடாதா?

"உங்க பொண்ணுக்கு உரிமை இருக்கும்மா. அதுல யாரும் கை வைக்க முடியாது. ஆனா மனைவின்னு போடுற இடத்துல மொதல் சம்சாரம் பேருதான் வரும்."

"அப்போ நான் யாரு சார்?"

சுப்பிரமணி தாளை மடித்து அவளிடம் கொடுத்தார். டீ சாப்பிடுறீங்களா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்களே என்ற வெட்கமில்லாமல் அழுதாள். செத்துப்போனவனைத் திட்டித் திட்டி அழுதாள்.

அழுது முடித்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சந்திரகலா அடி அண்ணாமலையில் அண்ணன் வீட்டோடு இருந்து கடை வைத்திருக்கிறாள் என்று தெரியும். அவள் காலைக் கையைப் பிடித்து, எனக்கும் சகாதேவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, சரோஜாதான் மனைவி என்று எழுதி வாங்கிவிட்டால்? செல்லுமோ செல்லாதோ, அலுவலர் மனசு இரங்கலாம். பஸ் ஏறினாள். வழி நெடுக, எப்படிப் பேச்சை எடுப்பது என்றே மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு போனாள்.

கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு சின்னக் கடை. பௌர்ணமி இல்லாத நாள், ஈ காக்கா இல்லை. தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே நரைத்த தலையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சரோஜாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"சரோஜா தானே? அவரோட உன்னைக் கோயில்ல ஒரு வாட்டி பாத்திருக்கேன். வா, உள்ள வந்து உக்காரு."

"அக்கா, அவரு..."

"தெரியும். மூணாம் நாளு கேள்விப்பட்டேன். கிளம்பி பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்துட்டேன். எந்த மொறையில வந்து நிக்கிறதுனு தெரியல. திரும்பிட்டேன்."

வழியெல்லாம் ஓட்டிப் பார்த்த பேச்சு சரோஜாவுக்கு மறந்துபோனது. தாளை எடுத்து நீட்டினாள். சந்திரகலா எழுத்துக் கூட்டிப் படித்தாள். மெதுவாகத்தான் படித்தாள்.

"தள்ளுபடின்னா?"

"ஆகலக்கா. விவாகரத்து ஆகவே இல்ல."

"அப்போ..."

"நீங்கதான் அவரு பொண்டாட்டி. சாகுற வரைக்கும் நீங்கதான்."

சந்திரகலா தாளை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

"எங்க அண்ணன் பசங்க கல்யாணத்துல ஒரு மணையிலகூட என்னை உக்கார வெக்கல. அத்துவிட்டவளாச்சேன்னு ஓரமா நிறுத்தினாங்க." அப்புறம் கேட்டாள், "காரியம் எல்லாம் முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சிக்கா. பதினாறாம் நாளும் ஆயிடுச்சு."

"நீ அழுது முடிச்சிட்ட. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே சரோஜா."

எழுதி வாங்க வந்தவள் எதையும் கேட்கவில்லை. இனி எதைக் கேட்பது? துக்கம் விசாரிக்க வருகிற பெண், புருஷனைப் பறிகொடுத்தவளைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் இந்தப் பக்கத்து முறை. பதினாறு நாளும் ஊர்ப் பெண்கள் சரோஜாவைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்கள். இப்போது அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலிலிருந்து அப்போதுதான் துக்கம் கேட்க வருகிறவளைப் போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சந்திரகலாவிடம் போனாள்.