இரண்டு விசில்

எங்கள் சித்தி பஸ் கண்டக்டர். வாரத்தில் ஆறு நாள் பயணிகளை அதட்டுவார். விடுமுறை நாளான சனிக்கிழமை, எங்கள் குடியிருப்பின் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணியை அதட்டுவார். அவர் காலில் பந்து பட்டதே இல்லை. "அம்பது பேர் வண்டில தொண்ணூறு பேரை ஏத்துறவ நான். பதினோரு பிள்ளைங்கள நிக்க வைக்கத் தெரியாதா?" என்று கேட்டுத்தான் பொறுப்பை வாங்கினார்.

நான் துணைப் பயிற்சியாளர். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், வேலை இன்னும் வாங்காதவள். "ஏய் பட்டதாரி, சும்மாதான இருக்க? இந்த ரூல்ஸ் புக்கப் படி" என்றார் சித்தி. படித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை படிப்பதுதானோ என்ற சந்தேகம் அப்போதே வந்தது.

அந்த சீசனில் ஒன்பது ஆட்டம் ஆடி ஒரு கோல்கூடப் போடவில்லை. கடைசி ஆட்டத்தன்று குடியிருப்போர் சங்கச் செயலாளரான டைல்ஸ் கடைக்காரர் வந்தார்.

"கண்டக்டரம்மா, ஜெயிக்கல்லாம் வேணாம். ஒரே ஒரு கோல். இன்னைக்கும் முட்டைனா அடுத்த வாரத்துல இருந்து இந்த கிரவுண்டு கார் பார்க்கிங்."

"உங்க கடை டைல்ஸ் எங்க பாத்ரூம்ல ரெண்டே மாசத்துல பேந்துச்சு. நான் கடைய மூடச் சொன்னேனா?"

அவர் போய் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

பாதி ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கியிருந்தோம். நடுவர் விசிலடித்து எதிரணி ஃப்ரீ கிக் எடுக்கும்போதெல்லாம் எங்கள் பெண்கள் சிலையாக நின்றார்கள். ஒன்பது ஆட்டமாக இதை மந்தம் என்றே நினைத்திருந்தோம். அன்றைக்குத்தான் பொறுக்காமல் கேட்டேன். பதில் சொன்னவள் எங்கள் வலது ஓர ஆட்டக்காரி. ஓரக் கோட்டிலிருந்து உள்ளே வரமாட்டாள் என்பதால் சித்தி அவளுக்கு வைத்த பெயர் ஜன்னல் சீட்.

"ஒரு விசில்னா ஸ்டாப்பிங் தானக்கா? ரெண்டு அடிச்சாத்தான கிளம்பணும்? கோச்சம்மா அப்படித்தான சொல்லிக்குடுத்தாங்க?"

சித்தி கழுத்தில் தொங்கிய விசிலைக் குனிந்து பார்த்தார். நான் புத்தகத்தைத் திறந்து நடுவரைப் பற்றிய ஐந்தாம் விதியை வாசிக்க ஆரம்பித்தேன். கோல்கீப்பர் கொட்டாவி விட்டாள்.

"மூடு அதை," என்றார் சித்தி. "பிள்ளைங்களா, அந்த ரெஃப்ரி கண்டக்டர் இல்ல. படில தொங்கிட்டு விசிலடிக்கிற பயணி. அவருக்கெல்லாம் வண்டிய நிறுத்தக் கூடாது."

"ரெண்டு அடிச்சா?"

"ரெண்டு யாரு அடிச்சாலும் ரைட்டு!"

இரண்டாம் பாதியில் அவர்கள் எதற்குமே நிற்கவில்லை. ஃபவுலுக்கும் நிற்கவில்லை, பந்து வெளியே போனதற்கும் நிற்கவில்லை. நடுவருக்கு மஞ்சள் அட்டையைப் பையில் திரும்ப வைக்க நேரமில்லை. இன்னும் இரண்டு கோல் வாங்கினோம்.

முடிய இரண்டு நிமிடம் இருந்தது. பந்து ஜன்னல் சீட்டிடம். வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டாப்பிங்கில் நின்ற பஸ்ஸிலிருந்து இரண்டு விசில் கேட்டது. ஆட்டம் முடிந்ததென்று எதிரணி நின்றுவிட்டது. பஸ்ஸும் ஜன்னல் சீட்டும் ஒன்றாகக் கிளம்பினார்கள். பந்து கோல்கீப்பரைத் தாண்டி நிதானமாக உருண்டு உள்ளே போனது.

"சார், வெளி விசில்! கோல் செல்லாது! அவங்க புக்கையே பாருங்க!" என்று கத்தினார் எதிரணிப் பயிற்சியாளர்.

நடுவர் என்னிடம் கையை நீட்டினார். சித்தி என்னை முறைத்தார். பக்கத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. பரீட்சை எழுதிப் பழகிய கை, கேட்டால் விடை கொடுத்துவிடுகிறது.

வெளியிலிருந்து வரும் விசில் ஆட்டத்தில் குறுக்கிட்டால்தான் நிறுத்த வேண்டும் என்று இருந்தது. நடுவர் 'குறுக்கிட்டால்' என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு, பந்தைத் தடுத்திருக்க வேண்டிய எதிரணிக் கோல்கீப்பரிடம் போனார்.

"விசிலக் கேட்டுதானம்மா நின்ன?"

"எந்த விசில் சார்? நான் பஸ்ஸப் பாத்துட்டிருந்தேன். எங்கப்பா அதுல வரேன்னாரு. வரவே இல்ல."

நடுவர் மைதானத்தின் நடுவைக் காட்டினார். கோல்!

"பஸ்ஸு போட்ட கோலுக்கு இவ்வளவு ஆட்டமா?" என்றார் செயலாளர்.

"பஸ்ஸு எங்களோடதுதான்," என்றார் சித்தி. என்னிடம் திரும்பி, "பட்டதாரி, அடுத்த வாரம் அந்தப் புக்கு வீட்லயே இருக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை நான் புத்தகத்தைக் கொண்டுபோகவில்லை. செயலாளர்தான் பார்க்கிங் ஆசை போகாமல் காரை மைதானத்துக்குள் கொண்டுவந்தார். சித்தி அதை ஒரு விசிலில் நிறுத்தி, இரண்டு விசிலில் திருப்பி அனுப்பினார்.