அக்கா எழுதிய இரண்டு விடைகள்

ஓசூர்க் கம்பெனி ஒன்றில் நேர்காணலுக்குப் போன அன்று காலை கெலமங்கலத்தில் அக்காவின் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, ஃபைலிலிருந்த பட்டச் சான்றிதழ்களை இருவரும் உருவி எடுத்தோம். "எல்லாத்தையும் எடுத்துடு புள்ள. ஒண்ணு கண்ணுல பட்டாலும் போச்சு" என்றாள் அக்கா. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மட்டும் மிஞ்சியது. அக்கா என்றால் உறவில்லை. கிருஷ்ணகிரிக் கல்லூரியில் எம்.எஸ்சி. பயன்பாட்டுக் கணிதம் படித்தபோது எனக்கு ஒரு வருடம் மூத்தவள்.

ஓசூர்ப் பக்கம் இது ஊரறிந்த ரகசியம். அசெம்பிளி லைனுக்குப் பெண்களை எடுக்கிற கம்பெனிகளுக்குப் பிளஸ் டூ போதும். அதற்குமேல் படித்தவள் நிலைக்க மாட்டாள், எதிர்க்கேள்வி கேட்பாள் என்று பயம். ஆகவே படித்தவர்கள் படிக்காதவர்களாகப் போய் நிற்போம். 'இந்தப் படிப்பு எங்கே போனாலும் பயன்படும்' என்று சொல்லித்தான் எங்கள் துறைத்தலைவர் சேர்த்துக்கொண்டார். பாவம், பெயரை நம்பிவிட்டார். பெங்களூர் மென்பொருள் கம்பெனிகள் கோடிங் அனுபவம் கேட்டன, பள்ளிக்கூடங்கள் பி.எட். கேட்டன. நாங்கள் படித்த திரவ இயக்கவியலை ஒருவரும் கேட்கவில்லை. அக்காவுக்கு முனைவர் பட்டம் வரை போக ஆசை. ஒரு வேலை கிடைத்தால் வீட்டில் கல்யாணப் பேச்சைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுவார்கள், அதற்குள் ஆராய்ச்சிக்கான தகுதித் தேர்வை எழுதிவிடலாம் என்பது அவள் கணக்கு.

கம்பெனியில் ஒரு சின்னத் தேர்வு வைத்தார்கள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. அடுத்த எண் என்ன? நான் முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அக்கா முப்பத்திரண்டும் எழுதி, பக்கத்திலேயே 'முப்பத்தொன்றும் வரலாம்' என்று எழுதியிருந்தாள். கணக்கு படித்தவளைத் தவிர வேறு யாருக்கு இந்தக் கிறுக்கு வரும்!

"என்னம்மா இது, ரெண்டு பதில் போட்டிருக்க?" என்று சிரித்தபடி கேட்டார் ஹெச்.ஆர். அதிகாரி. தெரியாமல் எழுதிவிட்டேன் சார் என்றிருந்தால் முடிந்திருக்கும். அக்கா எழுந்து போய் வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டாள். அதன்மேல் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்றதோடு கோட்டால் இணைத்து, "பாருங்க சார், அஞ்சு புள்ளி வரைக்கும் வட்டத்துல விழற துண்டு ரெட்டிப்பாத்தான் போவும். ஆறாவது வெச்சா முப்பத்தொரு துண்டுதான் சார்" என்றாள். கல்லூரி முடித்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. எனக்கோ அவளை இழுத்து உட்காரவைக்க வேண்டும் போலிருந்தது. அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "என்ன படிச்சிருக்கீங்க மேடம்?" என்றார். அதுவரை வாம்மா போம்மா என்று பேசியவர். அந்த மரியாதையிலேயே வேலை போய்விட்டது. அக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது. அக்கா அடுத்த தை மாதமே கல்யாணம் ஆகி ஊத்தங்கரைப் பக்கம் போய்விட்டாள். அந்தத் தகுதித் தேர்வை எழுதவேயில்லை.

ஏழு வருடமாகியும் நான் இன்னும் அதே லைனில்தான் நிற்கிறேன். என் சான்றிதழ்கள் இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. போன வாரம் அக்கா போன் செய்தாள். அவள் வீட்டுக்காரருக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்திருக்கிறதாம், குடிவரப் போகிறார்களாம். "உங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களா? இந்தத் தடவ வாயத் தொறக்க மாட்டன் புள்ள. பிளஸ் டூன்னு மட்டும் சொல்லிக்கறன்" என்றாள்.

"இருவத்தாறு வயசுக்கு மேல எடுக்கறதில்லக்கா" என்றேன். அவளுக்கு முப்பது.

உண்மையிலேயே விளங்காமல் கேட்பவளைப்போல அக்கா கேட்டாள்: "நான் காலேஜுக்குப் போன அஞ்சு வருசத்தத்தான் இல்லன்னு சொல்லிடறமே, அத வயசுலயும் கழிச்சுக்க மாட்டாங்களா?"