எடைக்குப் பிறகு காலை உணவு

பீப்பாய் என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. உயரமான கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களை வெளியே தொங்கியபடி துடைப்பது அவருடைய வேலை. இரண்டு பேர் நின்று வேலை செய்கிற நீளமான இரும்புக் கூடை ஒன்று மொட்டைமாடியிலிருந்து கம்பிவடத்தில் இறங்கும். ஆட்கள் அதைத் தொட்டில் என்பார்கள். அதில் முதன்முதலாக ஏறிய நாளில் அவரும் ஒல்லியாகத்தான் இருந்தார். நாற்பதைத் தாண்டியதும் உடம்பு அவரைக் கேட்காமலே பெருத்துவிட்டது.

அவரோடு தொட்டிலில் நிற்பவன் குச்சி. பெயரைக் கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். தொட்டிலின் ஓரத்தில் அது தாங்கும் எடையைப் பொறித்த தகடு ஒன்று உண்டு. அதைக் காட்டி யாராவது கிண்டல் செய்தால் குச்சியிடம் பதில் தயாராக இருக்கும்.

"எங்க ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டால வகுத்துப் பாருங்க. சரியான அளவுல ரெண்டு ஆள் வருவான்."

கணக்கு உண்மைதான். ஒருவரின் மிகுதியை இன்னொருவனின் குறைவு ஈடுகட்ட, பல வருடங்கள் அந்தத் தகட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு எந்திரம் வந்தது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அழுக்கைப் பெயர்த்தெடுக்கும் எந்திரம். பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளையின் கனம் இருக்கும். அதைத் தொட்டிலில் ஏற்றினால், பீப்பாயும் குச்சியும் சேர்ந்து தகட்டின் எல்லையைத் தாண்டினார்கள். எந்திரத்தை மொட்டைமாடியில் நிறுத்தி, குழாயை மட்டும் கீழே இறக்கலாம். இது சூப்பர்வைசருக்கும் தெரியும். மேலிடத்தில் கேட்டும் பார்த்தார். அதற்கு நீளமான குழாய் தனியாக வாங்க வேண்டும் என்று பதில் வந்தது. அதைவிட ஆட்களை இளைக்கச் சொல்வது சுலபம்.

"எந்திரம் பட்டினி கிடக்காதுண்ணே, நீங்கதான் பாத்துக்கணும்" என்றார் சூப்பர்வைசர், சிரித்துக்கொண்டே. "நாளையிலிருந்து காலையில எடை போட்டுத்தான் மேல அனுப்பச் சொல்லிட்டாங்க. ஒரு நாள் கூடிச்சுன்னா மன்னிப்பாங்க. கூடிட்டே இருந்தா நீங்க தரைத்தளத்துக்கு."

தரைத்தளம் என்றால் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் கார் நிறுத்துமிடம். அங்கே குனிந்து டயர் தேய்க்க வேண்டும். உயரத்தில் தொங்குவதற்குத் தரும் படிக்காசு கிடையாது. பகலிலும் விளக்கு எரியும். தேய்ந்துபோன ஆட்களை முதலில் அங்கே அனுப்புவார்கள், அப்புறம் வீட்டுக்கு. பீப்பாய்க்குத் தெரிந்து அங்கே போனவர் யாரும் திரும்ப மேலே ஏறியதில்லை.

"இவனும் கொஞ்சம் குறைக்கட்டுமே" என்றார் பீப்பாய்.

"என்கிட்ட எதைக் குறைப்பீங்க, எலும்பையா?" என்றான் குச்சி.

பொருட்கள் வந்து இறங்கும் வாசலில், பெட்டிகளை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. மறுநாள் முதல் அதில் ஆட்கள் ஏறினார்கள். செருப்பைக் கழற்றி, பையிலிருந்த சாவியை வெளியே வைத்து, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு பீப்பாய் நிற்பார். மூச்சை இழுத்தால் எடை குறையாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தாலும் உடம்பு அப்படித்தான் நின்றது.

வீட்டில் அடி விழுந்தது காலைச் சாப்பாட்டின் மேல். அவர் மனைவி துணி இஸ்திரி போடும் ஆலையில் மாலை முறைக்குப் போகிறவள். அவள் திரும்பும்போது அவர் தூங்கியிருப்பார். ஒரு நாளில் இருவரும் எதிரெதிரே உட்காருவது காலையில் மட்டும்தான். ரொட்டி, அவித்த முட்டை, டீ. அவ்வளவுதான் விருந்து. அந்த அரை மணியில்தான் அவர்களுடைய சண்டை, சமாதானம், வாடகை, ஊர்வம்பு எல்லாம் நடக்கும்.

"எனக்கு வேணாம், நீ சாப்பிடு" என்றார் முதல் நாள்.

"உடம்புக்கு என்ன?"

"எடை போட்டதுக்கு அப்புறம் பாத்துக்கறேன்."

"அங்க யாரு உங்களுக்கு முட்டை உரிச்சுத் தருவா?" என்று கேட்டுவிட்டு, இரண்டாவது தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

அவளுடைய தம்பிக்கு இந்த விஷயத்தில் ஒரே உற்சாகம். கைப்பேசியில் வீடியோ பார்த்தே வைத்தியரானவன். "சூப்பர் மாமா, காலையில சாப்பிடாம இருந்தா உடம்பு தன் கொழுப்பைத் தானே தின்னும். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் அப்படித்தான் இருக்காங்க." அந்தப் பெரிய ஆட்கள் பதினோரு மணிக்கு எழுந்து, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பட்டினி கிடக்கிறார்கள் என்பதை எந்த வீடியோவும் அவனுக்குச் சொல்லவில்லை.

குச்சி நேர்மாறாக வேறொன்று கேள்விப்பட்டிருந்தான். காலையில் சாப்பிடாதவனுக்குத்தான் தொப்பை விழுமாம். இரண்டையும் தலையில் சுமந்துகொண்டு பீப்பாய் தொழிலாளர் மருத்துவமனைக்குப் போய் நர்ஸிடம் கேட்டார். நரைத்த தலை, வேகமான பேச்சு. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் பெண்மணி.

"ரெண்டு கூட்டமும் தாங்க சொல்றதுதான் மந்திரம்னு சொல்லுது. மந்திரமெல்லாம் இல்லை. உடம்பு கடிகாரத்தை ரொம்பப் பாக்காது, நாள் முழுக்க எவ்வளவு உள்ள போகுதுன்னுதான் பாக்கும். காலையில பசி தாங்கும், அப்புறமும் அளவாத்தான் சாப்பிடுவேன்னா தள்ளிப் போடுங்க. காலையில விட்டுட்டு ராத்திரி சட்டியோட சாப்பிடற ஆளுன்னா காலையிலயே சாப்பிடுங்க. நீங்க எந்த ரகம்?"

"ராத்திரி ரகம் மேடம்."

"தெரியுது. தண்ணி குடிக்கிறீங்களா?"

"எடை முடிஞ்சப்புறம்தான் மேடம்" என்றார் பீப்பாய். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அவர் தண்ணீரையும் நிறுத்தியிருந்தார்.

"அப்போ தராசுல குறையறது கொழுப்பு இல்லைங்க, தண்ணி. குடிச்சா திரும்ப வந்துடும். வெயில்ல கம்பியில தொங்கற மனுசன் இப்படிப் பண்ணலாமா? நிதானமா இளைக்க மாசக்கணக்குல ஆகும். அதுக்கு டைம் கொடுக்கச் சொல்லுங்க."

"நீங்க கொஞ்சம் எங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்ல முடியுமா?"

"வரச் சொல்லுங்க, சொல்றேன்."

சூப்பர்வைசர் வரவில்லை. வர வேண்டிய அவசியம் அவருக்கு என்ன? பீப்பாய் தினமும் எடையில் தேறிக்கொண்டிருந்தார்.

தேறிய பிறகு சாப்பிடுவது என்று ஆட்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தராசு வயிற்றில் இருப்பதை நிறுக்கும். சுவரோரம் வைத்த டப்பாவில் இருப்பதை நிறுக்காது. வெறும் வயிற்றோடு எடை கொடுத்துவிட்டு, டப்பாவோடு தொட்டிலில் ஏறினார்கள். ரொட்டி வயிற்றில் போனாலும் டப்பாவில் போனாலும் தொட்டிலுக்கு ஒரே கனம்தான். யாருக்கும் இது தெரியாமல் இல்லை. தராசில் எண் சரியாக வந்தால் போதும், மற்றதை யாரும் கேட்கவில்லை. பாதிச் சுவர் இறங்கியதும் தொட்டிலை நிறுத்தி, காற்றில் ஆடிக்கொண்டே பீப்பாய் முட்டை உரிப்பார். டீயை மூடியில் ஊற்றிக் குச்சியிடம் நீட்டுவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அலுவலகத்து ஆட்களும் மேசையில் பன்னும் காப்பியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெண் தன் கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்ததும் உண்டு.

"பாத்தீங்களாண்ணே, நம்மளும் ஆபீஸ் கேன்டீன்லதான் சாப்பிடறோம். நடுவுல ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்" என்றான் குச்சி.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த யாரோ புகார் கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் சாப்பிடுவது பார்க்க நன்றாக இல்லையாம். வாயில் பன்னோடு புகார் கொடுத்திருந்தாலும் வியப்பில்லை. மறுநாளே தொட்டிலில் டப்பா கூடாது என்று உத்தரவு வந்தது. எடைக்கு முன்னால் தின்றால் தராசு தள்ளும், எடைக்குப் பின்னால் தின்றால் கண்ணுக்கு அசிங்கம். இடையில் கீழே இறங்கிப் போய்ச் சாப்பிட நேரம் கேட்டார் பீப்பாய். "ஒரு தடவை இறக்கி ஏத்தினா எவ்வளவு நேரம் போகும்னு தெரியாதா?" என்றார் சூப்பர்வைசர். ஆக, மத்தியானம் வரைக்கும் வாயில் எதுவும் கிடையாது. மத்தியானமும் இரவும் அந்தப் பசி வட்டியோடு திரும்பி வரும். மறுநாள் காலை எடைக்காகத் தண்ணீரை இன்னும் சீக்கிரமாக நிறுத்துவார்.

வெயில் ஏறிய ஒரு காலையில், எந்திரத்தின் குழாயைப் பிடித்திருந்த அவருடைய கை தளர்ந்தது. "குச்சி" என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. கண்ணாடி மேல் சாய்ந்து, அதில் வழுக்கிக்கொண்டே உட்கார்ந்தார். பெல்ட் மாட்டியிருந்ததால் விழவில்லை. தொட்டில் ஒரு பக்கம் தாழ்ந்து ஆடியது. குச்சி அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் விசையை அழுத்தி இறக்கினான். ஒவ்வொரு மாடியிலும் உள்ளே இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

தெளிந்ததும் மேனேஜர் அறையில் விசாரணை நடந்தது. மேனேஜர் கோபக்காரர் இல்லை, அக்கறையான முகம்.

"காலையில சாப்பிட்டீங்களா?"

"இல்லை சார்."

"ஏன் சாப்பிடல?"

"எடை சார்..."

"சாப்பிடாதீங்கன்னு நாங்க யாராவது சொன்னோமா?"

யாரும் சொல்லவில்லை. அந்த வார்த்தையை அந்தக் கட்டடத்தில் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. மேனேஜர் குச்சியின் பக்கம் திரும்பினார். "நீ கூடவே இருக்கிறவன். சொல்லுப்பா, இவர் ஏன் சாப்பிடறதில்லை?"

குச்சி தரையைப் பார்த்தான். அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். "டயட் இருந்தாரு சார்" என்றான். "அவர் மச்சான் ஏதோ வீடியோ பாத்துச் சொன்னாருன்னு."

பொய் என்று எந்தச் சொல்லையும் பிடிக்க முடியாது. மேனேஜர் வருத்தத்தோடு தலையாட்டினார். தன் உடம்பைப் பற்றிப் பொறுப்பில்லாத ஒருவரை இனி உயரத்துக்கு அனுப்ப முடியாது என்றும், அவருடைய நன்மைக்காகத்தான் இந்த முடிவு என்றும் சொன்னார். பட்டினி போட்டவர்களே பட்டினிக்குத் தண்டனையும் கொடுத்தார்கள். அதற்கு நன்மை என்று பெயரும் வைத்தார்கள். பீப்பாய் மறுநாள் தரைத்தளத்துக்குப் போனார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குச்சி வீட்டுக்கு வந்தான். கதவோரத்திலேயே நின்றான். பீப்பாய் உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டார். டயர்க் கரி அவர் நகக்கண்ணில் ஏறியிருந்தது.

"அண்ணே, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"விடுடா. உன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"திட்டுங்கண்ணே. திட்டினா கொஞ்சம் நல்லா இருக்கும்."

"திட்டறதுக்குத் தெம்பு வேணும். போடா."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி வந்தாள். "நீங்க ரெண்டு பேரும் நல்லா மன்னிச்சுக்குங்க. அதுல யாருக்கு லாபம்? மேல உட்கார்ந்திருக்கிறவனுக்கு. தம்பி, நாளைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லு. இவரும் வருவாரு, நானும் வரேன்."

"சொன்னா என்னையும் கீழ அனுப்பிடுவாங்க அக்கா."

"அனுப்பட்டும். ரெண்டு பேரா டயர் தேய்ங்க."

குச்சி சிரிக்க முயன்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் முன்னால் ரொட்டியும் முட்டையும் வைத்தாள். கோபத்தில் வைத்ததால் தட்டு சத்தமாக விழுந்தது. அவன் தட்டைத் தொடவில்லை.

"என்னப்பா, விஷமா வச்சிருக்கேன்?"

"இல்லக்கா. இப்போ என்கூட ஏத்தியிருக்கிற ஆளு கொஞ்சம் பெரிய உடம்பு. எந்திரத்தையும் மாத்திட்டாங்க, இன்னும் கனம். அதனால என்னையும் குறைக்கச் சொல்லிட்டாங்க."

பீப்பாய் அவனை உற்றுப் பார்த்தார். கன்னம் ஒட்டிக் கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இதற்கு மேல் எடுக்க அவனிடம் எதுவும் இல்லை.

"ஞாயித்துக்கிழமைதானேடா. இன்னைக்காவது சாப்பிடு."

"நாளைக்கு எடைண்ணே" என்றான் குச்சி. எழுந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டான்.

அவன் படியிறங்கும் சத்தம் தேய்ந்ததும், அவன் தொடாத தட்டை அவள் எடுத்து மூடி வைத்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு நான் மட்டுமாவது போய்க் கேக்கறேன்."

"உன்னை வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும். வாசல்ல நின்னு கேக்கறேன்."

திங்கட்கிழமை அவள் போனாள். வாசலிலேயே நிறுத்தினார்கள். பொழுது ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு, ஆலைக்கு நேரமாகிவிட்டதால் திரும்பினாள். நிமிர்ந்து பார்த்தபோது வெகு உயரத்தில் தொட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் நின்றவர்களின் முகம் அங்கிருந்து தெரியவில்லை.