பிளேட்டில் பேசியவன்

தளவாய்புரம் செல்லத்தாயின் பேச்சைக் கேலி செய்து ஒரு காமிக் கிராமபோன் பிளேட் வந்ததே, அதில் பேசியவன் நான்.

நீங்களும் அதைக் கேட்டிருப்பீர்கள். சிரித்தும் இருப்பீர்கள். அதற்காக உங்களைக் குறை சொல்ல வரவில்லை. சிரிக்க வைக்கத்தானே பேசினேன்! பிளேட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் என் பெயர் கிடையாது. 'ஹாஸ்ய வித்வான்' என்று மட்டும் இருக்கும். அப்படிப் போடச் சொன்னவனும் நான்தான். இத்தனை வருஷமாக அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்...

என் பெயர் சவரிமுத்து. அம்மா காலராவில் போனாள். அப்பா கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேதக்காரச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை இருந்தேன். பிறகு ஒரு பருத்தி வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு ஊரை விட்டுப் போனேன். இரக்கம் வேண்டிச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் என்னைப் போல் நிறையப் பேர் இருந்தார்கள்.

செல்லத்தாய் அக்கா எனக்கு உறவுமில்லை, சாதியுமில்லை. தளவாய்புரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. நாடகக் கொட்டகையில் பாடத் தொடங்கியவள், பிளேட்டில் பாடினாள். அதன்பின் மதுரை முதல் ரங்கூன் வரை அவள் குரல் போய்விட்டது. ராஜபாளையத்தில் வீடு கட்டிக் குடிவந்தாள்.

நான் எங்கெங்கோ அலைந்துவிட்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன். கதவைத் திறந்ததும் ஆரம்பிப்பாள்.

“ஏலே சவரி! எந்தக் காட்டுலலே கெடந்த இம்புட்டு நாளா? மூஞ்சியப் பாரு, அடுப்புல விழுந்த பூனை மாதிரி. உள்ள வா. ரெண்டு வாய் தின்னுட்டுப் போலே. வயிறு உனக்கு என்னலே துரோகம் பண்ணுச்சு?”

இந்த வார்த்தைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மேடையிலும் எந்த மனிதரிடமும் அவள் இப்படிப் பேசியதில்லை. எனக்கும் அந்த வாசலுக்கும் மட்டும் சொந்தமான வார்த்தைகள் இவை.

பிளேட் கம்பெனிக்காரர்கள் அவளுக்கு ஒரு கிராமபோன் பெட்டியைப் பரிசாக அனுப்பினார்கள். அவள் அதை என் தலையில் தூக்கி வைத்தாள்.

“என் பாட்ட நானே எதுக்குலே கேக்கணும்? எனக்குத்தான் வாய் இருக்குல்லா! உன் காலு ஒரு இடத்துல நிக்காது. பெட்டியும் உங்கூடச் சுத்தட்டும். பாட்டு வச்சுப் பொழச்சுக்கோ.”

அப்படித்தான் பிழைத்தேன். திருவிழா எங்கேயோ அங்கே நான். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடி, ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில். சாவி கொடுத்து, ஊசி மாற்றி, பிளேட்டை வைத்தால் கூட்டம் சேர்ந்துவிடும். விரித்த துண்டில் எதையாவது போடுவார்கள். அவள் குரல் எனக்குச் சோறு போட்டது... இப்படி எழுதும்போதே கை கூசுகிறது.

ஒரு முறை தஞ்சாவூர் வரை போனேன். கோயிலுக்கு வெளியே மரத்தடியில் பெட்டியை வைத்திருந்தேன். பாட்டு முடிந்ததும், பட்டுக்கரை அங்கவஸ்திரம் போட்ட ஒருவர் கேட்டார்.

“பேஷ்! பாடறது யாரு? நம்ம பக்கத்து ஆளா?”

“இல்லைங்க. ராஜபாளையம். எல்லாம் நம்ம...”

நம்ம ஊர் என்று சொல்ல வந்தேன். அவர் விடவில்லை.

“தெற்கேயா? அங்கே கொஞ்சிப் பேசினாலே குத்துவெட்டு மாதிரி இருக்குமே! இவள் எப்படிப் பேசுவாள்? உனக்குத் தெரியுமா?”

தெரியும். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? குரலைக் கொஞ்சம் மெலிதாக்கிப் பேசிக் காட்டினேன். பால்காரனிடம் அவள் சண்டை போடுவதைப் பேசினேன். “எம்புட்டுத் தண்ணியலே ஊத்துன, கம்மாயே வத்திருக்குமே!” என்றேன்.

மரத்தடி முழுவதும் சிரித்தது! என் துண்டு அன்று நிரம்பியது. சற்று முன்பு கண்ணை மூடித் தலையாட்டிய அதே ஆட்கள்! பாட்டுக்கு ஊர் கிடையாது போலும். பேச வாயைத் திறந்தால்தான் ஊர் தெரிந்துவிடுகிறது. அப்புறம் ஆளை அளந்துவிடுகிறார்கள்.

அன்று முதல் அதுவே தொழில். முதலில் பாட்டு, பிறகு 'பாடகி வீட்டில் பேசுவது எப்படி'. வேடிக்கைக்கு முன்பாக நான் பேசும் நாலு வார்த்தையை நல்ல தமிழாக்கிக்கொண்டேன். என் நாக்கிலும் அதே ஊர்தானே இருந்தது? அதைத் தேய்த்துக் கழுவினேன். எந்த ஊர் என்று யாராவது கேட்டால், “திருச்சிப் பக்கம்” என்பேன். பள்ளிக்கூடத்தில் சாமியார் சொன்ன கதையில், ஏசுவைத் தெரியாதென்று மறுதலித்தவனுக்கு ஒரு சேவலாவது கூவியது. எனக்கு எதுவும் கூவவில்லை.

இல்லை, பொய் சொல்கிறேன். கூவியது. ராஜபாளையம் சந்தையில்.

அக்கா கச்சேரிக்கு வெளியூர் போயிருந்தாள். அந்தத் தைரியத்தில் அங்கேயும் வேடிக்கையைக் காட்டினேன். பேசினேன், பேசினேன்... ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அடுத்து என்ன என்பது போல் நின்றார்கள். தெலுங்கு பேசும் பருத்தி வியாபாரி ஒருவர், எனக்குத் தெரிந்தவர், முன்னால் வந்தார்.

“ஏமிரா சவரி, வேடிக்கை எப்ப ஆரம்பிக்கும்?”

“இதுதான் மாமா வேடிக்கை. செல்லத்தாயக்கா பேசுதாவல்லா...”

“பேசுதாவ. அதுக்கு என்ன? எல்லாருந்தான் பேசுதோம். எங்க வீட்டுத் தமிழக் கேட்டா நீ உருண்டு உருண்டு சிரிப்பியோ?”

அப்போதுதான் கூட்டம் சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்றே நிறுத்தியிருக்க வேண்டாமா? நிறுத்தவில்லை. ராஜபாளையத்தை மட்டும் என் பாதையிலிருந்து விலக்கிவிட்டேன்.

கும்பகோணத்தில் ஒரு பிளேட் கம்பெனியின் ஏஜெண்டு என் வேடிக்கையைக் கேட்டார். பட்டணத்துக்குக் கூட்டிப்போனார். சுவரெல்லாம் கம்பளம் தொங்கிய ஒரு அறையில் நிறுத்தி, ஒரு பிளேட்டின் நீளம் முழுவதும் நிறுத்தாமல் பேச வேண்டும் என்றார். பால்காரனைப் பேசினேன். வண்ணானைப் பேசினேன். சேர்த்து வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. பேச்சைப் பதிக்கும் மெழுகுத் தட்டோ இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது! ஏஜெண்டு கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். பேசு, பேசு...

என் வாயில் வேறொன்றும் இல்லை. வாசல் வார்த்தைகள் வந்துவிட்டன. “ரெண்டு வாய் தின்னுட்டுப் போலே. வயிறு உனக்கு என்னலே துரோகம் பண்ணுச்சு?”

அதைக் கேட்டு ஏஜெண்டுக்கே அடக்க முடியவில்லை. கடைசியில் சிரித்துவிட்டார். “பரவாயில்லை, சிரிப்பும் இருக்கட்டும்” என்று அப்படியே பிளேட் போட்டார்கள்.

அந்தப் பிளேட் எவ்வளவு தூரம் போயிற்று என்பது உங்களுக்கே தெரியும்.

அக்கா காமிக் பிளேட்டெல்லாம் கேட்கிறவள் இல்லை. அவளிடம் யாரும் சொல்லவும் துணியவில்லை. பேசும் படங்கள் வரத் தொடங்கிய காலம். அவளுக்குப் பட்டணத்திலிருந்து அழைப்பு வந்தது. ராணி வேஷம்! துணைக்கு வரும்படி என்னைத்தான் கூப்பிட்டாள்.

“நீதாம்லே ஊர் ஊராப் போனவன். எனக்கு அந்த ஊர்ல சோறு வாங்கக்கூடத் தெரியாது. இதுவரைக்கும் என் பாட்டத்தான கேட்டாவ? இனி நான் பேசுததையும் கேக்கப் போறாவ. மனசு தவிக்குலே!”

ரயிலில் செங்கல்பட்டு வரை வசனத்தை என்னிடமே சொல்லிப் பார்த்தாள். சரியாக இருக்கிறதா, சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். “நல்லா இருக்குக்கா” என்றேன். நல்லாத்தான் இருந்தது...

தகரக் கொட்டகைக்குள் கண்ணைப் பறிக்கும் விளக்குகள். அக்கா கிரீடம் வைத்து நின்றாள். “யார் அங்கே? மன்னர் இன்னும் திரும்பவில்லையா?” இதுதான் வசனம். சொற்களெல்லாம் சுத்தமாக வந்தன. வாக்கியத்தின் வால் மட்டும் எங்கள் ஊர்ப் பக்கம் வளைந்தது. அவ்வளவுதான்!

மேலே பரண்மீது விளக்குப் பிடித்த ஒருவன் கத்தினான்.

“ஏலே, ரெண்டு வாய் தின்னுட்டுப் போலே!”

கொட்டகை வெடித்தது. படம் பிடிக்கிறவர் சிரித்தார். மந்திரி வேஷக்காரர் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அக்கா அசையவில்லை. கூச்சத்தில் நிற்கிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரியும். சிரிப்பு அவள் காதில் விழவேயில்லை. அந்த வார்த்தை எப்படி இங்கே வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அவுக என்ன சொல்லுதாக?” என்று டைரக்டரிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர். மறைக்கக் கூடாதென்று நினைத்துப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய், அந்தப் பிளேட்டைப் போட்டுக் காட்டினார். நான் கதவருகே நின்றேன். ஓடியிருக்கலாம். கால் ஓடவில்லை. வாழ்நாளெல்லாம் ஓடிய கால்!

முழுவதும் கேட்டாள். கடைசிச் சிரிப்பு வரை கேட்டாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

“வாத்தியார் வைத்துப் பேச்சைத் திருத்திக்கொண்டு வாருங்கள் அம்மா, பார்க்கலாம்” என்றார் டைரக்டர். அந்த வேஷம் அந்த வாரமே வேறொருத்திக்குப் போயிற்று.

வாசலில் குதிரை வண்டி நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“நீங்கள் சாப்பிட்டீர்களா?”

நீங்கள்! அக்காவின் வாயிலிருந்து! அடித்திருக்கலாம், செருப்பால் அடித்திருக்கலாம்...

அவள் வாத்தியார் வைத்துக்கொண்டாள். பேச்சு மாறிவிட்டது. படம் மட்டும் வரவேயில்லை. பிறகு ஒரு ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கச்சேரி செய்தாள். பாடுமுன் கைகூப்பி, “பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அன்புக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்” என்றாள். ஒரு பிசிறில்லை. எனக்கு முன்னால் இருந்த பெண்கள் தோளில் இடித்துக்கொண்டார்கள்.

“ஏட்டி, பாத்தியா? நம்ம பேச்சு கசந்துட்டாம்.”

“பணம் வந்தா நாக்கும் சேந்து வளந்துரும்ட்டி.”

பட்டணத்தில் அவள் பேச்சு சந்தைக்கடை. இங்கே அவள் பேச்சு பகட்டு. அவர்களிடம் எழுந்து சொல்லியிருக்கலாம். நான் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தேன்.

யுத்த காலத்தில் அவளுக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு போனேன். அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட எண்ணம். அதே கதவு. அவளே வந்து திறந்தாள்.

“வாருங்கள். உட்காருங்கள்.”

“அக்கா, என்னைய ஏசுங்க. ஒரு வாட்டி ஏசிருங்க.”

நிதானமாக என்னைப் பார்த்தாள்.

“எதற்கு? நீங்கள் என்ன செய்தீர்கள்?”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். நான் வாயைத் திறந்து சொல்வதற்கென்று ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நீங்களே சொல்லுங்கள், அதைவிட எளிய கேள்வி உண்டா?

“ஒண்ணுமில்லக்கா” என்றேன்.

அவள் தலையசைத்தாள். காபி வந்தது. பெட்டியை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. “அது உங்களுடையது” என்றாள். அடுத்த கோடைக்கு அவள் இல்லை. நான் அப்போது எங்கோ கோலாரில் இருந்தேன்.

அவளுடைய பிளேட்டுகளெல்லாம் என்னிடம் இருக்கின்றன. அத்தனையும் பாட்டு. தேன் போன்ற பாட்டு. ஒன்றிலும் அவள் பேசவில்லை. அவள் பேச்சைக் கேட்க வேண்டுமானால், உலகத்தில் ஒரே ஒரு பிளேட்தான் உண்டு. அதில் பேசுகிறவன் நான்.

பசிக்கிற நாட்களில் அதைப் போடுகிறேன். சாவி கொடுத்து, ஊசியை வைத்து, கண்ணை மூடிக்கொள்கிறேன். நன்றாகத்தான் பேசியிருக்கிறேன், பாவி! ராஜபாளையத்து வாசல் அப்படியே வந்து நிற்கிறது. ஏலே சவரி என்று அதில் இல்லை, வெறும் ஏலேதான். அதுவே எனக்குப் போதும். ரெண்டு வாய் தின்னுட்டுப் போலே... வயிறு உனக்கு என்னலே துரோகம் பண்ணுச்சு...

எழுந்து உள்ளே போகலாம் போலிருக்கிறது.

அப்போது அந்த ஏஜெண்டு சிரிக்கிறார்.