வால் கத்திய கடைசிச் சொல்

என் பேரன்கள் இரண்டு பேர். பெரியவன் பாடிய ராப் பாட்டு பதினோரு வாரம் முதலிடத்தில் நின்றது. அவனைத் தெரியாத ஆள் கிடையாது. நான் சொல்ல வந்தது சின்னவனைப் பற்றி.

பெரியவனுக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு. வேகமாகப் பாடினால் வரி முடிவதற்குள் மூச்சு முடிந்துவிடும். அந்தக் கடைசிச் சொல்லைச் சின்னவன் பக்கத்தில் நின்று கத்துவான். அதற்குள் அண்ணன் மூச்சு வாங்கிக்கொள்வான். அதனாலேயே சின்னவனுக்கு ‘வால்’ என்று பெயர். துணி தேய்க்கும் கடையில், இஸ்திரிப் பெட்டியின் ஆவிக்கு நடுவே இருவரும் பழகிய வித்தை அது. கேட்பவனுக்கு ஒரே தொண்டை என்றுதான் தோன்றும். சின்னவன் இல்லையென்றால் பெரியவன் ஏது? யார் மறுத்தாலும் நான் ஒப்ப மாட்டேன்.

அப்புறம் ஒரு மேனேஜர் வந்தார். பாட்டில் ஒரு பெண் குரலைச் சேர்த்தார், கொஞ்சம் காதலைக் கலந்தார். ராப் என்றாலே காதைப் பொத்திக்கொண்டவர்கள்கூடப் பல் தேய்க்கும்போது முணுமுணுத்தார்கள். மேடையில் பதிவு செய்த குரல் ஓடும்; பெரியவன் மேலுக்குப் பாடினால் போதும். சின்னவனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவன் மைக்கை அணைத்துவிட்டார்கள். அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

இரண்டு வருடம். காலையில் வெந்நீர், கழுத்தில் துண்டு, ஐஸ் பக்கமே போக மாட்டான். செத்த மைக்கில் உயிரைக் கொடுத்துக் கத்திவிட்டு வந்து, "டிவில பாத்தியா பாட்டி? என் குரல் கேட்டுச்சா?" என்பான்.

"கேட்டுச்சுடா கண்ணு" என்பேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் காதுதான் மந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் நிகழ்ச்சியின் பாதியில் அந்தப் பதிவு நின்றுவிட்டது. பெரியவன் சொந்தக் குரலில் பாடினான். மூன்றாவது வரியில் இழுப்பு வந்தது, தம்பியைப் பார்த்தான். தம்பி நரம்பு புடைக்கக் கத்தினான். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. அத்தனை கூட்டமும் சிரித்தது.

மறுநாள் எல்லார் கையிலும் அந்த வீடியோ.

"எத்தனை நாளாண்ணே இப்படி?"

"ரெண்டு வருஷமாடா. உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லல."

"மனசு நோகும்னு தொண்டைய அறுத்தியாக்கும்?"

பெரியவன் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாலு கோடி பேர் பாத்துட்டாங்கடா. இனிமே நீதான் ஸ்டாரு."

மேனேஜர் அதையே நிகழ்ச்சியில் சேர்த்துவிட்டார். ‘ஊமை வால்’ என்று அறிவித்ததும் சின்னவன் வந்து சத்தமில்லாமல் கத்த வேண்டுமாம். அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"கடைசி வரிக்கு மட்டும் என் மைக்க ஆன் பண்ணுண்ணே. மத்தபடி எப்படி வேணா ஆட்டி வை."

"சரிடா. சத்தியம்."

பெரியவன் வாக்குத் தவறவில்லை. கடைசி வரியில் சின்னவன் கத்தினான். டிவி முன்னால் இருந்த எனக்கு அந்தச் சொல் கணீரென்று கேட்டது. என் காதில் ஒரு குறையும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூட்டம் ஊளையிட்டது. "ஊமை வேணும்! ஊமை வேணும்!"

பெரியவன் சிரித்துக்கொண்டே தம்பி தோளில் கைபோட்டு, கட்டைவிரலால் அந்த மைக்கின் பொத்தானைக் கீழே தள்ளினான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சின்னவன் இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறான். காலையில் வெந்நீர் கேட்கிறான். எதற்கடா என்று நான் கேட்பதில்லை. சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன்.