பிடிமண் வேண்டாம்

பரளச்சி தாண்டி, கரிசல்காட்டுக்கு நடுவே எங்கள் குலசாமி கோயிலில் நிற்கிறோம். ஆஸ்திரேலியாவில் உள்ள நம் தூதரகத்துக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். மதுரை ஏர்போர்ட்டுக்குப் போகக் கார் வெளியே நிற்கிறது.

அம்மா கோயில் மண்ணை ஒரு பிடி அள்ளி, மஞ்சப்பையில் போட்டு என் கையில் திணிக்கிறாள். போகிற இடத்திலும் சாமி கூட இருக்க வேண்டுமாம். அந்த நாட்டுக்குள் ஒரு சிட்டிகை மண்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். தூதரகத்து ஆளே மண்ணோடு பிடிபட்டால் எப்படி இருக்கும்? அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பூசாரி எனக்குப் பங்காளி, அண்ணன் முறை. திருநீறு கொடுக்க வந்தவர் பையைப் பார்க்கிறார்.

"என்ன சின்னம்மா, பிடிமண்ணா? ஊரை விட்டே போறவுகதான அதை எடுப்பாக. அங்கயே சாமிக்குக் கோயில் கட்டி இருந்துருவாக. தம்பி மூணு வருசத்துல வந்துருவான்ல?"

"வந்துருவேண்ணே." அப்பாடா என்றிருக்கிறது எனக்கு.

அம்மா பையை வெடுக்கென்று வாங்கி, மண்ணை அள்ளிய இடத்திலேயே கொட்டுகிறாள். பிறகு பையின் உள்புறத்தை வெளியே திருப்பி உதறுகிறாள். கார்க்காரர் ஹாரன் அடித்த பிறகும் உதறிக்கொண்டே இருக்கிறாள்.